வானத்துக் கண்ணும் வயல் வரப்பும்

தஞ்சை ஜில்லாவில் நிலத்தை வேலி, மா, குழி என்று கணக்கிடுவது பழைய வழக்கம். 12 அடிச் சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆகாயத்திலிருந்து பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்களின் பார்வையையும் இவ்வளவுகளைக் கொண்டே நாம் அளந்து பார்க்கலாம்.

அத்தகைய படம் சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்குள் அடங்கியவை யாவும் ஒரே நிறமாகக் கலந்துவிடும். 1988-ஆம் வருஷம் பாரத விஞ்ஞானிகள் சோவியத் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய ஐ.ஆர்.எஸ்.1ஏ என்னும் கோளின் ஒரு காமிராவுக்குப் புள்ளி ஒன்று 72.5 மீட்டர் சதுரம். அஃதாவது ஏறக்குறைய நாலு மா! 2015-இல் ஐரோப்பியர் அனுப்பிய ஸென்டினல்-2 கோளுக்கு நுண்ணிய புள்ளி 10 மீட்டர் சதுரம். சுமார் ஏழரைக் குழி. திருவிடைமருதூர்ப் பக்கத்து வயல் இதில் தெரியும், வரப்புத் தெரியாது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், 2023 முதல் நெல், கோதுமை மகசூலைக் கணிக்கையில், செயற்கைக்கோள் முதலிய புதிய வழிகளால் பெறும் மதிப்பீட்டுக்கு நூற்றுக்கு 30 பங்கேனும் இடம் தர வேண்டுமென்று வகுத்தார்கள். ஆகவே, படம் மங்கினால் குடியானவரின் நஷ்டஈடும் மங்கக்கூடும்.

இக்குறையைப் போக்க வந்திருப்பதே 'ஆழ்கற்றல்' முறை. 2014-இல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர் இதைப் படத் தெளிவுக்குப் பயன்படுத்தி வழிகாட்டினர். தெளிவான படத்தை வேண்டுமென்றே மங்கச் செய்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். அது ஊகித்துத் தெளிவாக்கியதை மூலப் படத்துடன் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துகிறார்கள். சிலேட்டில் எழுதி எழுதி அழிக்கும் பிள்ளையைப் போல, யந்திரமும் பன்முறை திருத்தப்பெற்றுத் தேறுகிறது. ஸென்டினல்-2 சில ஒளிவகைகளை 20, 60 மீட்டர்ப் புள்ளிகளாகவே பதிவு செய்கிறது. அவற்றை 10 மீட்டருக்கு நுட்பமாக்க 2018-இல் ஜூரிச் ஆராய்ச்சியாளர் இம்முறையைக் கையாண்டனர். அதே கோள் 10 மீட்டரில் எடுத்த மற்றப் பதிவுகள் அதற்குத் துணை நின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கையில் மேகம் வானத்தை மூடிவிடும். அப்போது உதவுவது மேகத்தை ஊடுருவும் ரேடார்ப் படம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அத்தகைய படங்களால் நெற்பரப்பைக் கணித்திருக்கின்றனர். அவற்றில் மிளகு தூவினாற்போல் தோன்றும் புள்ளிகளை நீக்கவும் ஆழ்கற்றல் பயன்படுகிறது.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. தெளிவாக்கிய படத்தில் புதிதாகத் தோன்றும் வரப்பு, கோள் நேரே கண்டதன்று, யந்திரம் ஊகித்தது. பரந்த வயல்களையே பார்த்துப் பழகிய யந்திரம் நமது சிறு வயல்களை ஒன்றாக்கிவிடலாம். இல்லாத வரப்பையும் அழகாக வரைந்துவிடலாம். மங்கலான படத்தை எவரும் சந்தேகிப்பர். தெளிவான பிழையை யார் சந்தேகிப்பார்?

ஆதலின், திருத்திய படத்துடன் மூலப் படத்தையும் வைத்துக் காட்டுதல் வேண்டும். ஊகம் எங்கே வலுவற்றது என்பதையும் குறித்தல் வேண்டும். நஷ்டமில்லை என்று தீர்ப்பதற்கு முன் ஒருவர் வயலில் இறங்கிப் பார்த்தாக வேண்டும். யந்திரத்துக்குப் பாடம் புகட்டும் படங்களில் காவேரிப் பாசன வயல்களும் ஏராளமாக இருத்தல் அவசியம். எது குறுவை, எது சம்பா, எந்த வயலில் நீர் வடியவில்லை என்பதை அந்தந்த ஊராரே நன்கறிவர். படித்த இளைஞர்கள் அதைக் கேட்டறிந்து படத்தில் குறித்துக் கொடுப்பார்களாயின், அதுவும் சிறந்த தேசத் தொண்டாகும் என்று நாம் கருதுகிறோம்.