கணனி தானே சோதிக்கும்; எதைச் சோதிப்பது என்று எழுதுவது யார்?

புலம்பெயர்ந்து வந்த எம்மவர்களிற் பலர் கணனித்துறையின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஊரில் கணக்கியலோ விஞ்ஞானமோ படித்துவிட்டு, இங்கு பகலில் உணவகங்களிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்து, மாலையில் கணனி வகுப்புக்குப் போவோரை நாம் நாளாந்தம் காண்கிறோம். இவர்களிற் சிலர் தேர்ந்தெடுக்கும் வாசல், மென்பொருள் பரிசோதனை. 'ரெஸ்ரிங்' என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

ஆனால் இவர்களுக்கு ஒரு சந்தேகமும் உண்டு. "சோதிக்கிற வேலையையும் கணனியே தானாகச் செய்கிறதாமே, பிறகு எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கணனி ஒரே பொத்தானை ஆயிரம் தரம் அலுப்பின்றி அழுத்தும். ஆயினும் எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்தத் தரவைக் கொடுப்பது, வரவேண்டிய சரியான விடை எது என்பனவற்றை முன்கூட்டியே ஒருவர் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். அந்த எழுத்துக்குப் பெயர்தான் பரிசோதனைத் திட்டம், அதாவது 'ரெஸ்ற் பிளான்'. அதில் எழுதப்படாததைக் கணனி சோதிக்கமாட்டாது.

37 விநாடிகள்

1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் 'ஏரியான் 5' றொக்கற் தன் வெள்ளோட்டத்தில் புறப்பட்டது. நான்கு 'கிளஸ்ரர்' செய்மதிகள் அதிலிருந்தன. ஏறத்தாழ 37 விநாடிகளில் அது வழிதவறித் திரும்பியது. உடைந்து வெடித்துச் சிதறியது. ஆட்கள் யாரும் அதில் இல்லாதது பெரும் ஆறுதல்.

காரணம் எந்திரத்தில் இல்லை, மென்பொருளில் இருந்தது. றொக்கற்றின் நிலையைக் கணிக்கும் மென்பொருளின் ஒரு பகுதி, முந்திய 'ஏரியான் 4' இலிருந்து எடுக்கப்பட்டது. அது ஒரு பெரிய எண்ணை 16 பிற் அளவுள்ள சிறிய இடத்தில் வைக்க முயன்றது. அந்த இடத்தில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியான் 4 இன் பறப்பில் அந்த எண் அவ்வளவு பெருகவில்லை. ஏரியான் 5 பக்கவாட்டில் கூடிய வேகம் பெறுவதால் எண் எல்லை மீறியது, கணிப்புக் கருவி நின்றுபோனது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் இருந்தபடியால் அதுவும் அதே காரணத்தால் நின்றது.

இவ்வளவு பெரிய திட்டத்தில் சோதனை நடத்தாமலா விட்டார்கள்? நடத்தினார்கள். ஆனால் அந்தக் கருவியை ஏரியான் 5 இன் உண்மையான பறப்புப் பாதைத் தரவைக் கொடுத்து ஒருமுறையேனும் சோதிக்கவில்லை என்று விசாரணைக் குழு அதே ஆண்டு யூலையில் அறிவித்தது. ஒரேயொரு வரி திட்டத்தில் இல்லாமற் போனதற்குக் கொடுத்த விலை இது.

திட்டத்தில் என்ன இருக்கும்?

பரிசோதனைத் திட்டம் பல நூறு பக்கங்கள் கொண்டதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. சிறிய வேலைக்கு இரண்டு பக்கமே போதும். ஆனால் பின்வரும் கேள்விகளுக்கு அதில் விடை இருக்கவேண்டும்:

1. எவற்றைச் சோதிக்கப்போகிறோம்? எவற்றைச் சோதிக்கப்போவதில்லை, ஏன்?
2. எது பிழைத்தால் ஆட்களுக்குப் பெரிய பாதிப்பு? அதை முதலில் சோதிக்க வேண்டும்.
3. எவற்றைக் கணனி தானாகச் சோதிக்கும், எவற்றை மனிதர் பார்க்க வேண்டும்?
4. எந்தக் கணனிகளில், எந்தத் தொலைபேசிகளில் சோதிப்பது?
5. சோதனைக்கு வேண்டிய தரவு எங்கிருந்து வரும்? உண்மையான வாடிக்கையாளரின் அந்தரங்க விபரங்களைப் பாவிக்காமல், அவற்றைப் போன்ற கற்பனைத் தரவை உருவாக்குவதே முறை.
6. வழு கண்டுபிடிக்கப்பட்டால் யாரிடம், எப்படி அறிவிப்பது?
7. எந்த நிலையை அடைந்தால் "சோதனை முடிந்தது" என்று சொல்லலாம்?

ஒரு சிறு உதாரணம்

பஸ் கட்டணம் கணிக்கும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். விதி இது: 5 வயதுக்குக் குறைந்தோருக்கு இலவசம், 5 முதல் 15 வரை அரைக் கட்டணம், 16 முதல் 64 வரை முழுக் கட்டணம், 65உம் அதற்கு மேலும் அரைக் கட்டணம். முழுக் கட்டணம் 3.00 என்று வைப்போம்.

பழக்கமில்லாதவர் 3, 10, 30, 70 ஆகிய வயதுகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்பார். அனுபவசாலி எல்லைகளைப் பார்ப்பார்: 4 (இலவசம்), 5 (1.50), 15 (1.50), 16 (3.00), 64 (3.00), 65 (1.50). ஏனெனில் "5 அல்லது அதற்கு மேல்" என்று எழுதவேண்டிய இடத்தில் "5க்கு மேல்" என்று எழுதிவிடுவது இலகுவில் நேரும் தவறு. 10 வயதைக் கொடுத்தால் அந்தத் தவறு தெரியாது. 5ஐக் கொடுத்தால் உடனே தெரியும். அடுத்து வயதுக் கட்டத்தை வெறுமையாக விட்டும், எழுத்துகளை அடித்தும், -1 கொடுத்தும் பார்ப்பார்.

இன்னொன்றும் கேட்பார்: முழுக் கட்டணம் 2.75 ஆனால் பாதி 1.375 அல்லவா, பயணி செலுத்துவது 1.37ஆ, 1.38ஆ? இதற்குக் கணனியிடம் விடை கிடையாது. விதியை வகுத்தவரிடம் கேட்டு, சரியான பெறுபேற்றைத் திட்டத்தில் எழுதிய பின்னரே தானியங்கிச் சோதனையை அமைக்கலாம்.

எதைக் கணனியிடம் விடுவது?

மென்பொருள் மாறும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியவை, சரி பிழை தெளிவாகத் தெரிபவை ஆகிய சோதனைகள் கணனிக்கு ஏற்றவை. மேலே சொன்ன கட்டணச் சோதனை அத்தகையது. ஒருமுறை மட்டும் செய்யவேண்டியவை, நாளுக்கு நாள் மாறும் திரைகள், முதியவர் ஒருவருக்கு இந்தத் திரை விளங்குமா என்பது போன்றவை மனிதர் பார்க்கவேண்டியவை.

ஒவ்வொரு சோதனையும் தனித்து ஓடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. முதலாவது சோதனை பிழைத்தால் பின்னுள்ள பத்தும் பிழைக்குமாறு சங்கிலியாகக் கோத்துவிட்டால், வழு எங்கே என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

எமது பெயர்களும் ஒரு சோதனையே

இங்கு வந்த நாள் முதல் விண்ணப்பப் படிவங்களோடு நாம் படும் பாடு தெரிந்ததே. குடும்பப் பெயரைக் கேட்கிறார்கள். எம்மிற் பலருக்கு அப்படியொரு பெயர் இல்லை. தகப்பன் பெயரை எழுதுகிறோம். மனைவி கணவன் பெயரையும் பிள்ளைகள் தகப்பன் பெயரையும் எழுத, ஒரே வீட்டில் இரண்டு விதமான 'குடும்பப் பெயர்கள்'. பாலசுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத வழக்கமாக 15 எழுத்துகள் வேண்டும். 12 கட்டங்கள் மட்டும் உள்ள படிவத்தில் பெயர் பாதியில் அறுந்துவிடும். பிறகு கடவுச்சீட்டிலுள்ள பெயரும் வங்கியிலுள்ள பெயரும் பொருந்தவில்லை என்று அலைச்சல்.

இதை அனுபவித்த ஒருவர் பரிசோதனைத் திட்டம் எழுதினால், "ஒரே பெயர் மட்டும் உள்ளவர்", "முதலெழுத்தும் புள்ளியும் உள்ள பெயர்", "30 எழுத்துப் பெயர்", "தகப்பனும் பிள்ளையும் வேறு குடும்பப் பெயர்" என்ற வரிகள் அதில் தாமாகவே வந்து சேரும். இந்தப் பாட்டைப் படாதவர்களுக்கு இது இலகுவில் தோன்றாது. எமது இடர்ப்பாடுகூட இத்துறையில் ஒரு தகைமைதான்.

எங்கே தொடங்குவது?

சர்வதேச மென்பொருள் பரிசோதனைத் தகைமைச் சபை, ஐ.எஸ்.ரி.கியூ.பி. என்ற பெயரில் 2002 முதல் இயங்குகிறது. அதன் அடிப்படை நிலைப் பரீட்சையில் 40 கேள்விகள்; நேரம் 60 நிமிடங்கள்; 26 சரியானால் சித்தி. பரீட்சை மொழி தாய்மொழி அல்லாதவருக்கு 25 வீதம் மேலதிக நேரம், அதாவது மொத்தம் 75 நிமிடங்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். 'செலினியம்', 'பிளேறைற்' ஆகிய தானியங்கிக் கருவிகளும் இலவசமே.

செயற்கை நுண்ணறிவு இன்று சோதனைக் கட்டளைகளையும் எழுதித் தருகிறது. ஆனால் வந்த விடை சரியா என்று சொல்ல, வரவேண்டிய விடையை அறிந்த ஒருவர் வேண்டும்.

நாளையே தொடங்க விரும்புவோருக்கு ஒரு பயிற்சி: நீங்கள் அன்றாடம் பாவிக்கும் ஏதாவதொரு படிவத்தை எடுங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரைகள் கீறுங்கள். முதலாவதில் எதைக் கொடுப்பது, இரண்டாவதில் என்ன வரவேண்டும், மூன்றாவதில் என்ன வந்தது. முதலிரண்டு நிரைகளையும் தமிழிலேயே இருபது வரிக்கு நிரப்புங்கள். அதுவே உங்கள் முதலாவது பரிசோதனைத் திட்டத்தின் ஆரம்பம்.