அன்றாட வாழ்வில் தனியாள் நற்செய்திப் பணி: பேராயர் வே. ச. அசரியாவின் சபைப் பயிற்சி முறை

ஆய்வுச்சுருக்கம்

நற்செய்தி அறிவித்தல் குருமார்க்கும் ஊதியம் பெறும் ஊழியர்க்கும் மட்டுமே உரிய பணி என்னும் எண்ணம் திருச்சபைகளில் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வெண்ணத்தை மாற்றி, உழவரும் கூலித் தொழிலாளருமாகிய எளிய சபையாரைச் சாட்சிகளாக உருவாக்க முயன்றவர் டோர்ணக்கல் பேராயர் வே. ச. அசரியா. அவர் கையாண்ட முறைகளையும், அவற்றின் திருமறை அடிப்படையையும், அவை எதிர்கொண்ட திறனாய்வையும் இக்கட்டுரை விளக்குகிறது. சபையாரை இப்பணிக்கு ஊக்குவிப்பது அறிவுரையால் மட்டும் இயலாது. சபையின் சடங்கு, ஆண்டு ஒழுங்கு, வாழ்க்கை நெறி ஆகிய மூன்றிலும் அப்பணிக்கு இடம் அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தனியாள் ஊழியம், சாட்சி, சபையார், அசரியா, டோர்ணக்கல், திருமுழுக்கு.

முன்னுரை

தமிழ்த் திருச்சபைகளில் நற்செய்திப் பணி என்றதும் நினைவுக்கு வருவன பந்தலிட்டு நடத்தப்பெறும் கூட்டங்களும், ஒலிபெருக்கியும், புகழ்பெற்ற சொற்பொழிவாளர்களுமே. ஒருவர் தம் அண்டை வீட்டாரிடமோ, உடன் பணியாற்றுபவரிடமோ, உறவினரிடமோ தம் நம்பிக்கையைப் பற்றி உரையாடுவதைத் 'தனியாள் ஊழியம்' எனச் சபையார் வழங்குவர். ஆயினும் வழக்கில் உள்ள அளவுக்கு இச்சொல் வாழ்க்கையில் இடம்பெறவில்லை. இவ்விடைவெளிக்குரிய காரணத்தையும் அதனைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியையும் ஒரு வரலாற்றுச் சான்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாட்சி என்னும் சொல்லின் பொருள்

புதிய ஏற்பாட்டில் நற்செய்தி அறிவிப்போரைக் குறிக்க வழங்கும் சொற்களுள் சாட்சி என்பது முதன்மையானது. வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்பவர் தாம் கண்டதையும் கேட்டதையும் கூறுகிறார். தீர்ப்பு வழங்குவது அவர் பணியன்று. இவ்வேறுபாடு தனியாள் ஊழியத்தின் இயல்பையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது.

நற்செய்தி நூல்களில் வரும் நிகழ்ச்சிகளும் இதனை உறுதி செய்கின்றன. அந்திரேயா முதலில் தேடிச் சென்றது தம் உடன்பிறந்தவரான சீமோனை. பிலிப்பு நாத்தான்வேலிடம் வாதாடவில்லை. வந்து பார்க்குமாறு அழைத்தார். சமாரியப் பெண் தண்ணீர்க் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டுத் தன் ஊராரிடம் சென்றாள். நலம் பெற்ற கெரசேனர் நாட்டு மனிதர் இயேசுவுடன் செல்ல விரும்பியபோதும், வீட்டாரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறுமாறே பணிக்கப்பட்டார். இவர்களுள் எவரும் பயிற்சி பெற்ற போதகராக அப்போது விளங்கவில்லை. இவர்களுடைய சாட்சி முன்னரே இருந்த உறவின் வழியாகவே சென்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

தமிழகத் திருச்சபை வரலாற்றில் சபையாரின் பங்கு

தென்தமிழகத் திருச்சபைகளின் தொடக்கத்தை நோக்கின், அயல்நாட்டு மிஷனெரிமாருக்கு முன்பாகவே உள்ளூர் மக்களின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. பாளையங்கோட்டைச் சபை உருவானதில் 1778 இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையாரின் முயற்சி முதன்மையானது. கன்னியாகுமரிப் பகுதியைச் சேர்ந்த மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சையில் கிறித்தவ நம்பிக்கையை ஏற்று, ஊர் திரும்பித் தம் உறவினரிடம் அதனை எடுத்துரைத்தார். மிஷனெரி ரிங்கல்தௌபே 1806 இல் அங்கு வந்தபோது, நம்பிக்கையுற்ற ஒரு சிறு கூட்டம் ஏற்கெனவே இருந்தது.

சபைகள் பெருகியபோது மிஷன் சங்கங்கள் ஊர்தோறும் உபதேசியார்களை நியமித்தன. எழுத்தறிவும் திருமறைக் கல்வியும் பரவ அவ்வமைப்பு பெரிதும் துணைநின்றது. ஆயின் அதனோடு பிறிதொரு விளைவும் சேர்ந்தது எனலாம். பேசுவதற்கென ஒருவர் ஊதியத்துடன் அமர்த்தப்பட்ட இடத்தில், மற்றவர் கேட்போராக மட்டும் அமைந்துவிடுதல் இயல்பு. உறவின் வழிச் சென்ற பணி பதவியின் வழிச் செல்லத் தொடங்கியது.

அசரியாவும் டோர்ணக்கல் திருச்சபையும்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். 1902 இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் மிஷனெரிப் பணி செய்துவருவது அவர் உள்ளத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற அவர் காரணரானார். இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பது அச்சங்கத்தின் அடிப்படை. தெலுங்கு நாட்டின் டோர்ணக்கல் பகுதி அதன் பணிக்களமாயிற்று. 1909 இல் அசரியா தாமே அங்குச் சென்றார். 1912 இல் டோர்ணக்கலின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இப்பதவி பெற்ற முதல் இந்தியர் இவரே.

அவருடைய சபையாரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற உழைப்பாளர், எழுத்தறிவு வாய்க்காதவர். இத்தகையோரால் என்ன எடுத்துரைக்க முடியும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. அசரியா மேற்கொண்ட மூன்று வழிகள் அவ்வையத்திற்கு விடையாக அமைந்தன.

முதலாவது, திருமுழுக்குச் சடங்கு. திருமுழுக்குப் பெறுவோர் தம் தலைமேல் தாமே கை வைத்து, தாம் திருமுழுக்குப் பெற்றவர் என்றும், நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்றும் சொல்லுமாறு அவர் செய்தார். பின்னுள்ள சொற்கள் பவுல் தம்மைப் பற்றி 1 கொரிந்தியர் 9:16 இல் கூறுவன. திருத்தூதர் ஒருவரின் கடப்பாட்டைக் கடைசி உழவரின் வாயிலும் வைத்ததே இச்செயலின் சிறப்பு. குருமாருக்குரிய திருநிலைப்பாட்டில் தலைமேல் கை வைப்பவர் பேராயர். இங்கோ எளிய மனிதரின் கையே அவர் தலைமேல் அமைகிறது. சபையில் சேர்தலும் சாட்சியாதலும் ஒரே நிகழ்ச்சி என்பதை எழுத்தறியாதவரும் உணர இச்செயல் வழிசெய்தது.

இரண்டாவது, ஆண்டு ஒழுங்கு. ஒவ்வோர் ஆண்டும் சாட்சி வாரம் ஒன்று குறிக்கப்பட்டு, சபையார் குழுக்களாக அண்டை ஊர்களுக்குச் சென்றனர். தாம் அறிந்த பாடலையும், மனத்தில் பதிந்த ஒரு திருமறைக் கதையையும், தம் வாழ்வில் நிகழ்ந்த மாற்றத்தையும் கூறுவதே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. 'எனக்குப் பேசத் தெரியாது' என்னும் அச்சத்திற்கு இவ்வெளிமையே மருந்தாயிற்று.

மூன்றாவது, வாழ்க்கை நெறி. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் கிராமத்தைப் பிடித்த பேய்களாக அசரியா கண்டார். அவற்றிலிருந்து விடுபட்ட குடும்பத்தின் முற்றமே அண்டை வீட்டாருக்கு முதல் சாட்சி. பின்னாளில் பிற சாதியாரும் இச்சபைகளை நாடியதற்கு, எளியோர் வாழ்வில் தாம் நேரில் கண்ட மாற்றம் ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அனுமதித்தல் சாட்சியைச் சிதைக்கும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

நட்பும் நம்பகத்தன்மையும்

1910 இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அயல்நாட்டு மிஷனெரிமாரின் ஈகத்தைப் போற்றிய அவர், அதனினும் மேலாக அவர்தம் நட்பையே இந்தியத் திருச்சபை வேண்டுகிறது என வெளிப்படையாகக் கூறினார். மேலிருந்து வரும் உதவி எத்துணைப் பெரிதாயினும் சமமான நட்புக்கு ஈடாகாது என்னும் அக்கருத்து தனியாள் ஊழியத்திற்கும் பொருந்தும். அயலாரை எண்ணிக்கையாகக் கருதுபவர் அவருக்கு நண்பராதல் இயலாது. நண்பராகாதவரின் சாட்சிக்கு நம்பகத்தன்மையும் இல்லை.

எதிர்ப்பும் எல்லையும்

1930களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாக விமர்சித்தார். ரோசா மலர் தன் மணத்தைப் பறைசாற்றுவதில்லை. அதுபோல நல்வாழ்வே போதுமானது என்பது அவர் கருத்து. அசரியா வாழ்வின் முதன்மையை மறுத்தவரல்லர். அவருடைய முறையில் வாழ்வும் வாய்மொழியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒடுக்கப்பட்ட மனிதர் தமக்குக் கிடைத்ததைத் தம் சொல்லால் கூறும் உரிமையும் இதில் அடங்கியுள்ளது. காலங்காலமாகப் பிறர் பேசக் கேட்டே பழகிய ஒருவருக்குப் பேசும் உரிமை சிறிய பேறன்று. அதே வேளையில், காந்தியடிகளின் வினா சாட்சி கூறுவோர் ஒவ்வொருவரும் தம்மை நோக்கி எழுப்பிக்கொள்ள வேண்டியதேயாகும்.

இந்திய அரசமைப்பின் 25ஆம் கூறு, பொது ஒழுங்கு முதலிய வரையறைகளுக்கு உட்பட்டு, சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என 1977 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடுத்துரைத்தல் ஒருவர் செயல். ஏற்றல் கேட்பவரின் உரிமை. சட்டம் வகுக்கும் இவ்வேறுபாடு சாட்சி என்னும் சொல்லுக்குள்ளேயே இருப்பதை மேலே கண்டோம். நம்பிக்கையைப் பற்றி வினவுவோர்க்குச் சாந்தத்தோடும் மதிப்போடும் விடையளிக்குமாறு 1 பேதுரு 3:15 கூறுவதும் இதனோடு இயைகிறது. ஆசை காட்டுதலும் அச்சுறுத்தலும் சட்டத்திற்கு மட்டுமன்றிச் சாட்சியின் இயல்புக்கே முரணானவை.

இன்றைய சபைகளுக்கான பயன்பாடு

நகர வாழ்வில் சபையார் பலருக்குச் சபைக்கு வெளியே நெருங்கிய நண்பர்கள் குறைந்துவருகின்றனர். வார நாள்களின் மாலைகளையும் சபை நிகழ்ச்சிகளே நிரப்புமாயின், அயலாரோடு பழகுதற்குரிய நேரம் எஞ்சாது. எனவே சில நிகழ்ச்சிகளைக் குறைத்தலும் ஊக்குவிப்பின் ஒரு பகுதியாகலாம். ஒவ்வொருவரும் தமக்கு அறிமுகமான இருவர் மூவருக்காக நாள்தோறும் இறைவேண்டல் செய்தல், அவர்தம் துன்பத்தில் முன்நிற்றல், தம் அனுபவத்தைச் சபை வழக்குச் சொற்கள் இன்றி எளிய தமிழில் கூறப் பழகுதல், விடை தெரியாதபோது தெரியாது என ஒப்புக்கொள்ளுதல் ஆகியன எவர்க்கும் இயலக்கூடிய தொடக்கங்கள். அலுவலகத்தில் கையூட்டு வாங்காமையும், கடையில் எடை குறைக்காமையும், வீட்டுப் பணியாளருக்குரிய ஊதியத்தைக் காலத்தில் வழங்குதலும் இவற்றுக்கு முற்பட்டவை.

முடிவுரை

சபையார் நற்செய்தி கூறத் தயங்குவதற்கு ஆர்வமின்மை மட்டுமே காரணமன்று. அப்பணி தமக்குரியது என்பதைச் சபை அமைப்பு அவர்களுக்கு உணர்த்தத் தவறியதும் காரணமாகும். டோர்ணக்கலில் அசரியா அவ்வுணர்வைத் திருமுழுக்கின் வழி ஊட்டி, சாட்சி வாரத்தின் வழிப் பயிற்றுவித்து, வாழ்க்கை நெறியின் வழி உறுதிப்படுத்தினார். எழுதப் படிக்க அறியாத உழவர் ஒருவர் தம் தலைமேல் தாமே கை வைத்து ஏற்ற அப்பொறுப்பு, கற்றோர் நிறைந்த இன்றைய சபைகளில் எவர் கையில் உள்ளது என்னும் வினா மேலும் ஆராயத்தக்கது. தென்தமிழகத் திருச்சபைகளின் பதிவேடுகளையும் சபை இதழ்களையும் இந்நோக்கில் ஆராய்ந்தால், பெயர் அறியப்படாத எளிய சாட்சிகள் பலரின் பங்களிப்பு வெளிப்படும்.