கப்பலை அழைத்த விளக்கு

நம் சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய் வருபவர்கள் ஏராளம். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சிலர் வியாபாரத்துக்குப் போவார்கள். பாரிமுனைப் பக்கம் போனால் சிவப்புக் கட்டிடமான உயர் நீதிமன்றம் தெரியும். அந்த வளாகத்துக்குள் உயரமான கல் தூண் ஒன்று நிற்கிறது. இன்று அதன் உச்சியில் விளக்கு எரிவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அந்த விளக்கை நம்பி எத்தனையோ உயிர்கள் கடலில் இருந்தன. அது ஒரு கலங்கரை விளக்கம்.

பெயரின் பொருள்

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்று சொல்கிறோம் அல்லவா? கப்பலை அழைக்கும் விளக்குதான் கலங்கரை விளக்கம். இது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் இப்படி ஒரு விளக்கு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

ஏன் தேவைப்பட்டது?

வெள்ளைக்காரர் ஆட்சியின் தொடக்கத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலா படகில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்கு அடியில் மணல் திட்டுகள் வேறு உண்டு. இருட்டில் வழி தவறினால் கப்பல் தரை தட்டும். உயிருக்கே ஆபத்து.

நான்கு இடங்களில் விளக்கு

முதல் விளக்கு 1796-ஆம் ஆண்டு கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. இப்போது கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டிடத்தின் உச்சியில் அது இருந்தது. தேங்காய் எண்ணெயில் திரி எரிந்தது.

விளக்கு இன்னும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பூமி உருண்டை. அதனால் உயரத்தில் உள்ள விளக்குதான் அதிகத் தூரம் தெரியும். பல்லாவரத்துக் கல்லைக் கொண்டு வந்து சுமார் 125 அடி உயரத்தில் தூண் கட்டினார்கள். 1844-இல் அதில் விளக்கு எரியத் தொடங்கியது. விளக்குகளுக்குப் பின்னால் பளபளப்பான தகடுகளை வைத்தார்கள். டார்ச் லைட்டில் இருப்பது போல அவை வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்பிவிட்டன.

பிறகு பக்கத்திலேயே உயர் நீதிமன்றம் எழுந்தது. அதன் பெரிய கோபுரம் தூணைவிட உயரம். 1894-இல் விளக்கை அந்தக் கோபுரத்துக்கு மாற்றினார்கள். 50 ஆண்டுகள் உழைத்த கல் தூணில் விளக்கு அணைந்தது.

கோபுரத்து விளக்கு 83 ஆண்டுகள் எரிந்தது. 1977-இல் மெரினா கடற்கரையில் புதிய கலங்கரை விளக்கம் வந்தது. அதில் லிஃப்டும் உண்டு. பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகள் மக்களை மேலே விடவில்லை. 2013-இல் மீண்டும் அனுமதித்தார்கள்.

வெளிச்சத்தைப் படிப்பது

ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் ஒரே மாதிரி மின்னுவதில்லை. எத்தனை முறை மின்னுகிறது, எவ்வளவு நேரம் விட்டு மின்னுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். கப்பல்காரரிடம் இதற்கான புத்தகம் இருக்கும். மின்னலை எண்ணி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, எந்த ஊர்க் கரை என்று தெரிந்துகொள்வார். நாம் எழுத்தைப் படித்து பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று அறிகிறோம். அவர் வெளிச்சத்தைப் படித்து அறிகிறார்.

இன்றைய நிலை

இன்று செயற்கைக்கோள் வழியாகக் கப்பல் இருக்கும் இடம் கருவியில் தெரிந்துவிடுகிறது. முன்பு விளக்குக் காவலர்கள் எண்ணெய் சுமந்து படி ஏறினார்கள். திரியைத் திருத்தினார்கள். கண்ணாடியைத் துடைத்தார்கள். இரவெல்லாம் கண் விழித்தார்கள். இப்போது மின்சாரமும் இயந்திரமும் அந்த வேலையைச் செய்கின்றன. சட்டமும் மாறிவிட்டது. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் புதிய சட்டம் வந்தது.

அப்படியானால் விளக்கு வேண்டாமா? வேண்டும். கருவி பழுதாகலாம். பேட்டரி தீர்ந்து போகலாம். சிறு படகில் போகும் மீனவருக்குக் கரையில் தெரியும் வெளிச்சம் பெரிய தைரியம்.

பழைய தூணுக்கு இன்று வேலை இல்லை. ஆனாலும் அதைக் காப்பது நம் கடமை. கல்லை உடைத்தவர்கள், எண்ணெய் சுமந்தவர்கள், படகு ஓட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் அதில் எழுதப்படவில்லை. அவர்களின் உழைப்புக்கு அந்தத் தூண்தான் சாட்சி. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. விளக்கை ஏன் உயரத்தில் வைக்கிறார்கள்?
2. கல் தூணில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை விளக்கு எரிந்தது?
3. நம் ஊரில் இன்று பயன்படாமல் நிற்கும் பழைய கட்டிடம் எது? அதை யார் கட்டினார்கள்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.