விடுதியில் அழ இடமில்லை

வளரிளம் பருவத்தினர் தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்வது பல நேரங்களில் சாகும் எண்ணத்தோடு நடப்பதல்ல. வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபமும் அவமானமும் வெறுமையும் அப்படி வெளிப்படுகின்றன. அதில் ஆறுதல் நிலைப்பதில்லை, பழக்கம்தான் நிலைக்கிறது; பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான அபாயமும் கூடுகிறது. பெரும்பாலும் 13, 14 வயதில் தொடங்கும் இது பெண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மருத்துவமனை வரை வருவோர் மிகச் சிலரே.

மனச்சோர்வு, பதற்றம், சிறுவயதில் பட்ட அடி, பாலியல் கொடுமை, அப்பாவின் குடி, சக மாணவர்களின் கேலி எனக் காரணங்கள் பல. இரண்டு மூன்று சேரும்போது பிள்ளை தாங்குவதில்லை. கைபேசியே காரணம் என்போரும் உண்டு. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் முதலில் பேச வேண்டியது மார்க்கைப் பற்றித்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரரும் சரி, வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்பவரும் சரி, நகையை அடகு வைத்தாவது பிள்ளையை நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளியில் சேர்க்க நினைப்பது இங்கே புதிதல்ல. விடியுமுன் தொடங்கும் படிப்பு இரவு வரை நீள்கிறது. தேர்வுக்கு மேல் தேர்வு, மார்க் வரிசைப்படி வகுப்புப் பிரிவு. வீட்டோடு பேசக் கிடைக்கும் சில நிமிடங்களிலும் வார்டன் அருகில் நிற்கிறார். “நல்லாப் படி சாமி” என்ற அம்மாவிடம், கட்டிய பணம் நினைவில் இருக்க, அந்தப் பிள்ளை எதைச் சொல்லும்? பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது நல்ல முடிவு. பள்ளிக்குள் ஒட்டப்படும் வரிசைப் பட்டியலை அது தொடவில்லை.

காயத்தைக் கண்டதும் திட்டுவதும், “நடிக்குது” என்று ஒதுக்குவதும், விடுதியிலிருந்து அனுப்பிவிடுவதும் பிள்ளையை இன்னும் தனிமைப்படுத்தும். காயத்துக்கு மருந்திட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. தோன்றுகிறது என்றால் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் கேஸாகும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, சிகிச்சையை அரசின் கடமையாக்குகிறது. மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பொதுத்தேர்வில் தவறியவர் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் மேற்படிப்புக்குப் போக வழி உண்டு. முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.