ஸ்லோவாக்கா? நார்வேஜியனா? நமக்கு எது சுலபம்?



உலக வரைபடத்தில் ஐரோப்பாவைப் பாருங்கள். வடக்கே கடலை ஒட்டி நீளமாகக் கிடப்பது நார்வே. நடுவில், கடலே இல்லாமல், போலந்துக்குக் கீழே சின்னதாக இருப்பது ஸ்லோவாக்கியா. செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது, 1993 ஜனவரி 1-ல் உருவான நாடு அது. இரண்டு நாட்டிலும் மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம்தான். இந்த இரண்டு நாட்டு மொழிகளில் ஒன்றைக் கற்கணும்னா எதை எடுக்கலாம்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி சொல்லித்தர ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. அதன் கணக்குப்படி நார்வேஜியனுக்கு 24 வாரம், சுமார் 600 மணி நேர வகுப்பு. ஸ்லோவாக்குக்கு 44 வாரம், 1100 மணி நேரம். அப்படின்னா நார்வேஜியன்தான் சுலபம் என்று உடனே முடிவு கட்டிடாதீங்க! ஸ்லோவாக் இருக்கும் அதே 44 வாரப் பிரிவில் இன்னொரு மொழியும் இருக்கிறது. அது நம்ம தமிழ்!

நாம் மூன்று வயதில் பேசிய மொழி அவர்களுக்குக் கடினம். காரணம், அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகப் போட்ட கணக்கு. தமிழ் பேசும் நமக்குக் கணக்கு எப்படி வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சொற்கள்

நார்வேஜியன், ஆங்கிலத்துக்கு உறவுக்கார மொழி. இரண்டும் ஜெர்மானியக் குடும்பம். வீடு - ஹூஸ். பால் - மெல்க். மீன் - ஃபிஸ்க். பூனை - கட். ஆங்கிலம் தெரிந்தால் பாதி ஊகித்துவிடலாம். ஸ்லோவாக், ரஷ்யன், போலிஷ் போல ஸ்லாவியக் குடும்பம். வீடு - தொம். பால் - ம்லியெகொ. மீன் - ரிபா. பூனை - மச்கா. எல்லாவற்றையும் புதுசா மனப்பாடம் செய்யணும். இதில் நார்வேஜியனுக்கே வெற்றி.

2. வினைச்சொல்

நார்வேஜியனில் நான், நீ, அவன், நாங்கள் யார் பேசினாலும் 'ஸ்னக்கர்' என்ற ஒரே சொல்தான். ஸ்லோவாக்கில் பேசுகிறேன் - ஹொவொரீம். பேசுகிறாய் - ஹொவொரீஷ். பேசுகிறோம் - ஹொவொரீமெ. ஆளுக்கு ஆள் விகுதி மாறும். ஆங்கிலேயருக்கு இது தலைவலி. நமக்கு? ஏன், ஆய், ஓம் என்று தினமும் சொல்வதுதானே! 'நான்' என்று சொல்லாமலே 'வந்தேன்' என்றால் நமக்குப் புரிகிறது. ஸ்லோவாக்கிலும் அப்படியே.

3. வேற்றுமை

ஸ்லோவாக்கைக் கண்டு பலர் ஓடுவது இதனால்தான். அதில் ஆறு வேற்றுமைகள். நம் தமிழில் எட்டு! 'நாய் பூனையைத் துரத்துகிறது' என்பது ஸ்லோவாக்கில் 'பெஸ் நஹாஞா மச்கு'. மச்கா என்பது மச்கு என்று மாறிவிட்டதால், 'மச்கு நஹாஞா பெஸ்' என்று திருப்பிச் சொன்னாலும் துரத்துவது நாய்தான். 'பூனையை நாய் துரத்துகிறது' என்று நாம் சொல்வதுபோல. நார்வேஜியனில் 'ஹுன்னென் யாகெர் கட்டென்' என்பதில் சொற்களை இடம் மாற்றினால், பூனை நாயைத் துரத்துவதாகத்தான் கேட்பவர் புரிந்துகொள்வார்!

ஆனாலும் ஏமாந்துவிடக் கூடாது. நமக்கு மரத்தை, கல்லை, பூவை என்று எல்லாவற்றுக்கும் 'ஐ' ஒன்றே போதும். ஸ்லோவாக்கில் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் பார்த்து விகுதி மாறும். அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளே பன்னிரண்டு மாதிரிச் சொற்களை வைத்து இதைப் படிக்கிறார்கள். வேற்றுமை என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். ஆனால் வாய்பாட்டை உட்கார்ந்து படிக்கத்தான் வேணும்.

4. ஒலி

ஸ்லோவாக்கில் குறில், நெடில் உண்டு. நம்ம 'ஞ' கூட உண்டு. எழுதியபடியே பெரும்பாலும் படிக்கலாம். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். ஆனால் 'வ்ல்க்' (ஓநாய்), 'ப்ர்ஸ்ட்' (விரல்) என்று உயிரெழுத்தே இல்லாத சொற்கள் நாக்கைச் சுளுக்கும். நார்வேஜியனில் வேறு வம்பு. 'பொன்னெர்' என்பதுபோல ஒலிக்கும் சொல்லை ஒரு ராகத்தில் சொன்னால் விவசாயிகள், இன்னொரு ராகத்தில் சொன்னால் பீன்ஸ்!

5. எழுத்தும் பேச்சும்

ஸ்லோவாக்குக்கு 46 எழுத்துகள். 1843-ல் லுதொவீத் ஷ்தூரும் அவர் நண்பர்களும் மத்திய ஸ்லோவாக்கிய மக்களின் பேச்சை அடிப்படையாக வைத்து எழுத்து மொழியை அமைத்தார்கள். நார்வேஜியனுக்கு 29 எழுத்துகள்தான். ஆனால் எழுதும் முறை இரண்டு: பூக்மோல், நீநொர்ஸ்க். முதலாவது டேனிஷ் மொழியின் வழியில் வந்தது. இரண்டாவது, ஈவார் ஓசென் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த கிராமப் பேச்சிலிருந்து பிறந்தது. 1885-ல் இரண்டுக்கும் சம உரிமை கிடைத்தது. பேசும்போது அவரவர் வட்டார வழக்கிலேயே பேசுகிறார்கள். புத்தகத்தில் படித்தது ஒன்று, கடைத்தெருவில் கேட்பது ஒன்று. இதுவும் நமக்குப் புதுசு இல்லையே!

6. மரியாதை

ஸ்லோவாக்கில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். பெரியவர்களிடம் 'வி'தான். நார்வேயில் மரியாதைச் சொல் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து 'நீ' என்கிறார்கள். இங்கே முயற்சி செய்ய வேண்டாம்!

முடிவு என்ன?

சீக்கிரம் பேச வேணும் என்றால் நார்வேஜியன். நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் அங்கே கைகொடுக்கும். கூடவே ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளும் ஓரளவு புரியும். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் குடியேறிய நாடும் அது. இலக்கண அமைப்பு பிடிக்கும் என்றால் ஸ்லோவாக். நாம் வீட்டில் கற்ற தமிழ் அங்கே கைகொடுக்கும். கூடவே செக் மொழி பெரும்பாலும் புரிந்துவிடும்.

'கடினமான மொழி' என்று யாராவது சொன்னால், யாருக்குக் கடினம் என்று திருப்பிக் கேளுங்கள். தமிழ் வகுப்பில் வேற்றுமை உருபு நடத்தும்போது தூங்காமல் கேட்டவனுக்கு ஸ்லோவாக்கின் வாசல் பாதி திறந்தாச்சு!

இன்றே இரண்டு சொல் பழகுங்கள்:
வணக்கம் - அஹொய் (ஸ்லோவாக்), ஹெய் (நார்வேஜியன்)
நன்றி - தியாகுயெம் (ஸ்லோவாக்), தக் (நார்வேஜியன்)