ஆறாவது வாரத்து அழுகை

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றிய பிறகும் வீறிட்டு அழும் பிள்ளையை என்ன செய்வது? தமிழ்க் குடும்பங்களில் இதற்கு உடனே மூன்று பதில்கள் வரும். தாய்ப்பால் போதவில்லை, வயிற்றில் காற்று, கண்ணேறு பட்டுவிட்டது. மூன்றுமே பெரும்பாலும் தாயின் மீது பழியாக வந்து முடிகின்றன.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 80 தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் அழுகையை நாள்தோறும் குறித்துவைத்தனர். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளும் இரண்டாவது வாரத்திலிருந்து அதிகமாக அழத் தொடங்கி, ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் வரை அழுதன. பிறகு அழுகை குறைந்து, மூன்று மாதத்தில் தணிந்தது. மாலையிலும் முன்னிரவிலும் அழுகை கூடுதலாக இருந்தது. காரணமே தெரியாத அழுகை பிள்ளை வளர்ச்சியின் ஒரு பகுதி; அது தாயின் குறையன்று.

மலேசியச் சூழலில் இந்த ஆறாவது வாரத்திற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியத் தனியார் துறையில் தாய்க்கு 98 நாள் மகப்பேறு விடுப்பும் தந்தைக்கு 7 நாள் விடுப்பும் நடைமுறைக்கு வந்தன. தந்தை வேலைக்குத் திரும்பிவிடுகிறார். முப்பதோ நாற்பதோ நாள் பத்தியம் முடிந்ததும், உடன் இருந்த பாட்டியும் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார். அழுகை உச்சத்திற்கு வரும் நேரத்தில், அடுக்குமாடி வீட்டில் தாயும் பிள்ளையும் தனித்து விடப்படுகிறார்கள்.

தணிக்கும் வழிகள்

பசி, ஈரத்துணி, புழுக்கம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கால்விரலில் தலைமுடியோ நூலோ சுற்றி இறுகியிருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. எதுவும் இல்லை என்றால், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கலாம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அதன் இதயத்துடிப்பு குறைந்து அழுகை அடங்கியது. உட்கார்ந்தபடி வைத்திருந்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. 2022இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும், பிள்ளை தூங்கியதும் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு மல்லாக்கக் கிடத்த வேண்டும்.

தாலாட்டும் மின்விசிறியின் ஒரே சீரான சத்தமும் சில பிள்ளைகளுக்கு உதவும். ஏணையையோ ஸ்பிரிங் தொட்டிலையோ மெதுவாகத்தான் ஆட்ட வேண்டும். கோபத்தில் வேகமாக ஆட்டக்கூடாது.

முதல் ஆறு மாதத்திற்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி உடலைத் தளரச் செய்துவிடும். 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பெயர் பெற்ற வசம்பை அமெரிக்கா 1968ஆம் ஆண்டிலேயே உணவுப் பொருள்களில் சேர்க்கத் தடை விதித்தது. அதை உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம்.

கைக்கு அடங்காத நேரம்

இவ்வளவு செய்தும் அழுகை நிற்காத இரவுகள் வரும். தூக்கம் இழந்த தாய்க்கோ தந்தைக்கோ ஆத்திரம் பொங்குவது இயல்பு. அந்த நொடியில் பிள்ளையைப் பிடித்து உலுக்குவதுதான் பேராபத்து. கைக்குழந்தையின் தலை உடலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கழுத்துக்கோ பலமில்லை. சில விநாடிகள் உலுக்கினாலே மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம்.

எனவே, பொறுமை எல்லை மீறும்போது பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரலாம். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, யாரையாவது தொலைபேசியில் அழைக்கலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். பத்து நிமிடம் அழுவதால் பிள்ளைக்குக் கெடுதல் வராது. அழைக்க யாரும் இல்லை என்றால், தாலியான் காசே 15999 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

எல்லா அழுகையையும் இயல்பென்று விட்டுவிடவும் கூடாது. மூன்று மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாரக்கணக்கில் மனம் சோர்ந்திருக்கும் தாயும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் வாரத்தில் எல்லாரும் போகிறார்கள். உறவினர்களும் அண்டை வீட்டாரும் ஆறாவது வாரத்தில் ஒரு மாலை போய், "நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு அம்மா" என்று சொன்னால், அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.