பிரானாவா, ரூப்சந்தா? பல்லைப் பார்த்து வாங்குங்கள்

தென் அமெரிக்க ஆறுகளின் சிவப்பு வயிற்றுப் பிரானாவும், நம் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கப்படும் ரூப்சந்த் மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒன்றுபோலவே தெரியும். எனவே, வாங்கும் முன் வாயைக் கவனியுங்கள்.

பிரானா: கீழ்த்தாடை துருத்தி நிற்கும், பற்கள் முக்கோண வடிவில் கத்திபோல் கூர்மையாக இருக்கும். மற்ற மீன்களைக் கடித்துவிடும் என்பதால் சேர்த்து வளர்க்க முடியாது.

ரூப்சந்த்: பற்கள் மனிதப் பற்கள்போல் தட்டையானவை. விதை, பழம், தவிடு, புண்ணாக்கு எல்லாம் தின்னும். 2 அடிக்கு மேலும் வளரக்கூடியது என்பதால் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு ஏற்றதல்ல.

இரண்டுமே அயல்நாட்டு மீன்கள். வளர்க்க முடியவில்லை என்று ஏரி, கண்மாய், ஆற்றில் விட்டுவிடாதீர்கள். நாட்டு மீன்கள் பாதிக்கப்படும். ரூப்சந்த் வளர்ப்போர் மழைக்கு முன்பே குட்டையின் கரையை உயர்த்தி, வடிகாலில் வலை கட்டிவிடுங்கள்.